வாய்வு என்று வாளாவிருக்கலாமா?

சென்ற வாரம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்த பகுதியிலிருந்து வந்தது. எழுதியவர் பல்கலைக்கழகத்திலே இரண்டாம் ஆண்டில் பயிலும் ஒரு மாணவி. கடிதம் நீண்டது, கண்ணீரோடு எழுதப்பட்டது என்பது வரிக்கு வரி தெரிந்தது. அவருடைய அனுமதியுடன் அதன் சாரத்தை மாத்திரம் இங்கே தருகின்றோம்.

“ஐயா, சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்குப் பின்னர் அம்மா வயிறு ஊதுகிறது என்றார். அப்போது அவருக்கு வயது 52. இரண்டு பிடி சோறு உண்டதும் போதும் என்று கையைக் கழுவிவிடுவார். சேலையை இறுக்கி உடுக்க முடியவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். வாய்வு என்று நாங்கள் எண்ணினோம். அம்மம்மா ஓமத்தை அவித்துக் கொடுத்தார். நான் மருந்துக் கடையிலே வாய்வு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். 8 மாதங்கள் இப்படியே கழிந்தன. வயிற்றிலே நீர் கட்டிய பின்னரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். சூலகத்திலே புற்றுநோய், வயிறு முழுவதும் பரவிவிட்டது என்றார்கள். இவ்வாண்டு மாசியிலே அம்மா போய்விட்டார். எதைத் தின்றதனால் அம்மாவுக்கு இது வந்தது? எதைத் தின்றால் எனக்கும் என் தங்கைக்கும் இது வராது? தடுப்பதற்கு மருந்து ஏதும் உண்டா? அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, 44 வயதிலே மார்பிற் புற்றுநோய் வந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். இதையும் எழுத வேண்டுமோ, தெரியவில்லை.”

இக்கடிதத்திலே தயங்கித் தயங்கிச் சேர்க்கப்பட்டுள்ள அந்தக் கடைசிச் செய்திதான் யாவற்றிலும் முக்கியமானது. ஏன் என்பதைப் பின்னர் சொல்லுவோம். முதலில் அவர் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். இவை அவருடைய கேள்விகள் மாத்திரமல்ல. பெண்மக்கள் உள்ள எல்லா வீட்டாருக்கும் உரியவை.

நோயின் இயல்பு

சூலகம் என்பது கருப்பையின் இரு மருங்கிலும் ஒவ்வொன்றாக அமைந்திருக்கும், வாதுமைப் பருப்பளவேயான சிறிய உறுப்பு. மாதந்தோறும் சூல்முட்டையை வெளியிடுவதும், பெண்மைக்குரிய ஓமோன்களைச் சுரப்பதும் அதன் தொழில்கள். 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 3,24,000 பெண்களுக்குச் சூலகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஏறக்குறைய 2,07,000 பேர் இந்நோயால் இறந்தனர். கண்டுபிடிக்கப்பட்டவர் தொகைக்கும் இறந்தவர் தொகைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு குறுகியது என்பதைக் கவனியுங்கள். பிந்திக் கண்டுபிடிக்கப்படுவதே இதற்கு முதற் காரணம்.

திருக்கோணமலையை அறிந்தவர்களுக்கு ஓர் உவமை சொல்லலாம். அங்குள்ள உட்துறைமுகம் நிலத்தாற் சூழப்பட்டது, ஆழம் மிகுந்தது. எத்துணைப் பெரிய கப்பல் அதன் மூலையிலே நங்கூரமிட்டு நின்றாலும், வெளிக்கடலிற் செல்லும் தோணிக்காரன் கண்ணுக்கு அது தென்படாது. வயிற்றின் அடிப்பாகமும் அத்தகையதே. அங்கே இடம் தாராளமாக உண்டு. ஆகையால் கட்டியானது நெருக்குதலின்றி வளர்கின்றது. குடலையும் மூத்திரப் பையையும் அது அழுத்தத் தொடங்கும்போதுதான் உடல் முறையிடுகின்றது. அம்முறையீடும் வாய்வு போலவே இருக்கின்றது.

நோய் சூலகத்துக்குள்ளே அடங்கியிருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டால், அமெரிக்கக் கணக்கின்படி, 100 பேரில் 90 பேருக்கு மேல் ஐந்தாண்டுகள் கடந்தும் வாழ்கின்றனர். உடலெங்கும் பரவிய பின்னர் கண்டுபிடிக்கப்பட்டாலோ அத்தொகை ஏறக்குறைய 30 ஆகக் குறைந்துவிடுகின்றது.

உணவும் நோயும்

“எதைத் தின்றதனால் வந்தது?” என்பது முதற் கேள்வி. உண்மையைச் சொன்னால், இன்ன உணவைத் தின்றதனால் சூலகப் புற்றுநோய் வந்தது என்று காட்டுவதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை. கருஞ்சீரகம் தடுக்கும், வெந்தயம் கரைக்கும், இன்ன கஷாயம் வேரோடு அறுக்கும் என்று கைத்தொலைபேசியிலே நாள்தோறும் வரும் செய்திகளுக்கும் ஆதாரம் இல்லை. அவற்றை நம்பிக் காலத்தைப் போக்குவதே அவற்றினால் விளையும் பெருந் தீங்கு.

ஆராய்ச்சியாளர் உணவைப் புறக்கணித்து விட்டனர் என்று எண்ணவேண்டாம். சுவீடனிலே ஏறக்குறைய 61,000 பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்விலே, நாள்தோறும் இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ தேநீர் அருந்தியவர்களிடம் இந்நோய் குறைவாகக் காணப்பட்டது. தேயிலை விளையும் நாட்டவராகிய நமக்கு இது இனிக்கும் செய்திதான். ஆயினும் தேநீர் அருந்துவோர் வேறு பழக்கங்களிலும் வேறுபட்டிருக்கலாம் அன்றோ? ஆகவே தேநீரை மருந்தாகக் கொள்வதற்கில்லை. அமெரிக்காவிலே மாதவிடாய் நின்ற பெண்கள் 48,000 பேருக்கு மேற்பட்டோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கொழுப்புக் குறைந்த உணவைப் பழக்கினர். முதல் நான்கு ஆண்டுகளில் வேறுபாடு தெரியவில்லை. அதன் பின்னர் அப்பிரிவினரிடையே சூலகப் புற்றுநோய் ஓரளவு குறைந்திருந்ததாக 2007இல் அறிவித்தனர். அங்கும் நோயாளர் தொகை சிறிதாகையால், முடிவை அறுதியிட்டுக் கூற முடியாது.

ஓரளவு துணிந்து சொல்லக்கூடியவை இரண்டு. உடற்பருமன் மிகுந்தால் இந்நோயின் அபாயமும் சிறிது மிகுகின்றது. புகைபிடிக்கும் பெண்களிடம் சூலகப் புற்றுநோயின் வகைகளுள் ஒன்று கூடுதலாகக் காணப்படுகின்றது. உயரமான பெண்களுக்கும் அபாயம் சற்றுக் கூடுதல் என்று கண்டிருக்கின்றனர். ஆனால் உயரத்தைக் குறைக்க யாராலும் இயலாது! வெற்றிலையோடு சேரும் பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்கு நிச்சயமான காரணங்கள்; சூலகத்தோடு அவற்றுக்குத் தொடர்பு காட்டப்படவில்லை. ஆயினும் ஒரு நோய்க்குத் தப்பினோம் என்று மற்றொரு நோயை மடியிற் கட்டிக்கொள்வது அறிவுடைமையாகாது.

ஆகவே தம்பலகாமத்துத் தவிடு நீக்காத அரிசியும், முருங்கையிலையும், வல்லாரையும், கொட்டியாரக் குடாவின் மீனும் நல்ல உணவுகளே. இருதயத்துக்கும் இரத்தத்துக்கும் அவை நன்மை செய்யும். உடற்பருமனையும் கட்டுக்குள் வைக்கும். அதற்காக உண்ணுங்கள். சூலகப் புற்றுநோய்க்குக் கவசம் என்று எண்ணி உண்ணாதீர்கள்.

மாத்திரைகள் பற்றிய உண்மை

உணவு செய்யாத வேலையை ஒரு மாத்திரை செய்திருக்கின்றது என்று சொன்னால் வாசகர்கள் வியப்படைவர். அது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை.

1971ஆம் ஆண்டிலே எகிப்து நாட்டு வைத்தியர் மஹ்மூத் பத்தல்லா ஒரு கருத்தை வெளியிட்டார். மாதந்தோறும் சூல்முட்டை வெளிப்படும்போது சூலகத்தின் மேற்பரப்பிலே ஒரு சிறு காயம் உண்டாகி ஆறுகின்றது. இடையறாது நிகழும் இவ்வினையே காலப்போக்கிற் புற்றுநோய்க்கு வழி திறக்கின்றது என்றார் அவர். இந்நோயிற் பெரும்பான்மையானது சூலகத்திலன்றி, அதனை அடுத்த பலோப்பியன் குழாயின் நுனியிலே தொடங்குகின்றது என்று பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. எனினும் அவர் கருத்தின் சாரம் இன்றும் பயனுடையதே. பிள்ளை பெற்ற பெண்களுக்கும், தாய்ப்பால் ஊட்டிய பெண்களுக்கும் இந்நோய் குறைவு. கருவுற்றிருக்கும் காலத்தில் சூல்முட்டை வெளிவருவதில்லை. பாலூட்டும் காலத்திலும் அது பல மாதம் தடைப்படுவதுண்டு. எட்டுப் பத்துப் பிள்ளைகளைப் பெற்றுப் பாலூட்டிய நம் பூட்டிமாரின் சூலகங்கள் பல்லாண்டுகள் ஓய்ந்திருந்தன. இக்காலத்துப் பெண்ணுக்கு அத்தகைய ஓய்வு குறைவு.

குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையும் சூல்முட்டை வெளிவருவதை நிறுத்துகின்றது. 21 நாடுகளில் நடந்த 45 ஆய்வுகளைத் திரட்டி 2008இல் வெளியிட்ட கணக்கின்படி, அம்மாத்திரையை ஐந்தாண்டு உண்டவர்களுக்கு அபாயம் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைகின்றது. பதினைந்தாண்டு உண்டவர்களுக்குப் பாதியாகின்றது. நிறுத்திய பின்னரும் 30 ஆண்டுகள் வரை அப்பயன் ஓரளவு நிலைக்கின்றது.

இதைப் படித்தவுடன் யாரும் மருந்துக் கடைக்கு ஓடவேண்டாம். அம்மாத்திரை உண்ணும் காலத்தில் மார்பகப் புற்றுநோயின் அபாயம் சிறிது கூடுகின்றது. கால் நாளங்களில் இரத்தம் உறைவதும் உண்டு. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், 35 வயதைக் கடந்து புகைபிடிப்பவர்களுக்கும், சில வகை ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் அது ஆகாது. குடும்பத்திலே மார்பகப் புற்றுநோய் கண்டிருந்தால் வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடவே கூடாது. குடும்பத் திட்டமிடலின் பொருட்டு வைத்தியர் அதனைத் தரும்போது, இந்நன்மையும் உடன்வருகின்றது என்று அறிந்திருப்பதே போதுமானது.

மாதவிடாய் நின்ற பின்னர் சில பெண்களுக்குக் கொடுக்கப்படும் ஓமோன் மருந்து இதற்கு மாறானது. 50 வயதளவிலே அதைத் தொடங்கி ஐந்தாண்டு உண்ணும் 1,000 பெண்களில் ஒருவருக்குச் சூலகப் புற்றுநோய் மேலதிகமாக வரலாம் என்று 2015இல் கணித்தனர். அபாயம் சிறிது, ஆயினும் மருந்தைத் தொடர்வதா விடுவதா என்பதை ஆண்டுதோறும் வைத்தியருடன் பேசித் தீர்மானிக்க வேண்டும். நாள்தோறும் அஸ்பிரின் உண்டவர்களிடம் இந்நோய் ஓரளவு குறைந்திருந்ததாகவும் ஆய்வுகள் உண்டு. ஆனால் அஸ்பிரின் இரைப்பையிலே இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடியது. ஆகையால் இந்நோயைத் தடுப்பதற்கென்று அதை உண்ணுமாறு வைத்தியர்கள் கூறுவதில்லை.

பிள்ளைப்பேறு போதும் என்று குழாயை வெட்டிக் கட்டிக்கொள்ளும் சத்திரசிகிச்சையும் இந்நோயைக் குறைக்கின்றது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலே, கருப்பையை அகற்றும்போதும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சையின்போதும், சூலகத்தை விட்டுவிட்டுக் குழாய்களை முழுவதும் அகற்றுமாறு 2010 முதல் வைத்தியர்களை ஊக்குவித்து வருகின்றனர். அத்தகைய சத்திரசிகிச்சைக்குச் செல்லும் பெண்கள் இதுபற்றித் தம் வைத்தியரிடம் கேட்டறியலாம்.

தூளும் தூசும்

குளித்தபின் மறைவிடத்தில் முகப்பவுடர் போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. ‘டால்க்’ என்னும் கனியத்தூளைப் புற்றுநோயை ‘உண்டாக்கக்கூடும்’ என்ற வகுப்பிலே உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2024இல் சேர்த்தது. ஐயம் முற்றாகத் தீரவில்லை. ஆனால் தேவையற்ற ஒன்றை விட்டுவிடுவதால் இழப்பும் இல்லை. குழந்தைகளுக்கும் அவ்விடத்தில் தூள் பூச வேண்டாம்.

அஸ்பெஸ்டஸைப் பற்றி அத்தகைய ஐயம் இல்லை. அது சூலகப் புற்றுநோயையும் உண்டாக்கும் என்று அதே முகவரகம் 2009இல் முடிவு செய்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே இங்கிலாந்தில் நச்சுவாயு முகமூடிகளைத் தைத்த பெண்களின் கதை அம்முடிவுக்கு ஓர் ஆதாரம். அம்முகமூடிகளின் வடிகட்டியிலே அஸ்பெஸ்டஸ் இருந்தது. துறைமுகத்து மக்களுக்கு இது வேற்றூர்க் கதையன்று. 1957இல் பிரித்தானியக் கடற்படை திருக்கோணமலைத் தளத்தைக் கையளித்துச் சென்றது; அக்காலத்துக் கப்பல்களிலே கொதிகலன்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் அஸ்பெஸ்டஸையே போர்த்தினர். இன்றும் நம் நாட்டு வீடுகளிலே அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடுகள் நிறைந்துள்ளன. அதன் இறக்குமதியை 2018 முதல் தடுக்க அரசாங்கம் தீர்மானித்துப் பின்னர் அதனை ஒத்திவைத்தது.

கூரை உடையாமல் இருக்கும்வரை அஞ்சத் தேவையில்லை. அதை அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் எழும் தூசே தீங்கு. வேலை செய்யுமுன் தகட்டை நீரால் நனைக்க வேண்டும். பிள்ளைகளை அப்பாற் படுத்த வேண்டும். தூசைத் தும்புத்தடியால் உலரக் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அவ்வேலை செய்து வருபவரின் உடையை உதறித் தோய்ப்பவள் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே. உதறாமல் நீரிலே அமிழ்த்திவிட்டுத் தோய்ப்பது நன்று.

குடும்பத்தில் வரும் நோய்

இனி, அம்மாணவி தயங்கி எழுதிய கடைசிச் செய்திக்கு வருவோம்.

தாய்க்குச் சூலகப் புற்றுநோய். தாயின் தங்கைக்கு 44 வயதிலே மார்பகப் புற்றுநோய். இவ்விரண்டும் இரு வேறு துன்பங்களாகத் தோன்றலாம். ஒரே வேரிலிருந்து கிளைத்தவையாகவும் இருக்கலாம். 1994இலும் 1995இலும் கண்டறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் இரண்டு மரபணுக்கள் உண்டு. உடலின் உயிரணுக்களில் உண்டாகும் பழுதைச் செப்பனிடுவதற்கு உதவுவன அவை. அம்மரபணுவே பழுதுற்றுப் பிறந்தால் இவ்விரு புற்றுநோய்களும் அக்குடும்பத்திலே தலைமுறை தலைமுறையாக வரக்கூடும். மேல்நாடுகளிலே பொதுவாக 100 பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்கே வாழ்நாளிற் சூலகப் புற்றுநோய் வருகின்றது. முதலாவது மரபணு பழுதுற்றவர்களிலோ 100க்கு 40 பேருக்கு மேலும், இரண்டாவது பழுதுற்றவர்களில் ஏறக்குறைய 17 பேருக்கும் வருகின்றது. உணவினாலும் பவுடரினாலும் வரும் வேறுபாடுகள் இதற்கு முன்னே மிகச் சிறியவை.

இப்பழுது தந்தை வழியாகவும் வரும். ஆகவே அப்பாவின் தாய், அத்தை ஆகியோரின் நோய்களையும் கணக்கிற் கொள்ள வேண்டும். பழுது உள்ள பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கும் வராதிருப்பதற்கும் சம வாய்ப்பே உண்டு. அமெரிக்க நடிகை அஞ்சலினா ஜோலி தம் தாயை 2007இல் இழந்தவர். பரிசோதனையில் தமக்கு முதலாவது மரபணுவிலே பழுதுண்டு என்று அறிந்து, 2015இல் சூலகங்களையும் குழாய்களையும் அகற்றிக்கொண்டார். இத்தகைய பெண்களுக்குப் பிள்ளைப்பேறு முடிந்தபின், முதலாவது மரபணு பழுதுற்றிருந்தால் 35 முதல் 40 வயதுக்குள்ளும், இரண்டாவதாயின் 40 முதல் 45 வயதுக்குள்ளும் அச்சத்திரசிகிச்சையைச் செய்துகொள்ளுமாறு வைத்தியர்கள் கூறுகின்றனர். அதனால் அபாயம் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைகின்றது.

மகளே, முதலிற் பரிசோதிக்கப்பட வேண்டியவர் நீரல்லர், உம்முடைய சின்னம்மா. நோய் கண்டவரிடமே பழுதைத் தேடுவது முறை. அவரிடம் அது காணப்பட்டால், உமக்கும் தங்கைக்கும் அந்த ஒன்றை மாத்திரம் தேடிப் பார்த்து உண்டு, இல்லை என்று சொல்லிவிடலாம். சின்னம்மாவுக்கும் இதனால் நன்மை உண்டு. பழுது இருப்பின் அவருடைய சூலகங்களும் அபாயத்தில் உள்ளவையே. அவருக்குச் சிகிச்சை அளித்த புற்றுநோய் வைத்தியரிடம் இருவருமாகச் சென்று, அம்மாவின் நோய்ச் சீட்டுகளையும் காட்டி, மரபணு ஆலோசனைக்கு வழி கேளுங்கள்.

பன்னிரண்டு நாட் கணக்கு

மற்றைய வாசகர்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. சுகதேகியாயுள்ள பெண்கள் ஆண்டுதோறும் ஸ்கான் செய்துகொண்டால் இந்நோயிலிருந்து தப்பலாமா என்று பலர் கேட்கின்றனர். பிரித்தானியாவிலே 2,00,000 பெண்களுக்கு மேற்பட்டோரைக் கொண்டு அதைச் சோதித்துப் பார்த்தனர். ஸ்கானாலும், சி.ஏ. 125 என்னும் இரத்தப் பரிசோதனையாலும் இறப்புக் குறையவில்லை என்று 2021இல் அறிவித்தனர். ஆகவே அறிகுறியற்ற பெண்கள் எல்லோருக்கும் உரிய பரிசோதனை இன்று இல்லை. நம் நாட்டிலே 1996 முதல் நடந்துவரும் சுகவனிதையர் கிளினிக்கிற்கு 35 வயதான பெண்கள் கட்டாயம் செல்ல வேண்டும். ஆனால் அங்கே எடுக்கப்படும் பாப் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்கே உரியது. அது நன்றாக இருக்கின்றது என்ற சீட்டு, சூலகத்துக்கும் சேர்த்து எழுதப்பட்டதன்று.

எஞ்சியிருப்பது உடலின் முறையீட்டைக் கேட்பதே. நான்கு அறிகுறிகளை மனத்தில் வையுங்கள்: வயிறு ஊதி நிற்றல்; அடிவயிற்றிலோ வயிற்றிலோ நோவு; சிறிது உண்டதும் நிறைந்துபோதல்; அடிக்கடி, அவசரமாகச் சிறுநீர் வருதல். இவை யாருக்கும் எப்போதாவது வரும். ஆனால் புதிதாகத் தொடங்கி, மாதத்திலே 12 நாட்களுக்கு மேல் தொடர்ந்து வருமானால், விசேடமாக 50 வயதை அடைந்தவர்களுக்கு, அது வாய்வு என்று வாளாவிருக்கத் தகாது. நாட்காட்டியிலே அந்நாட்களைப் புள்ளியிட்டுக் குறித்து, அதை வைத்தியரிடம் காட்டி, “இது சூலகமாக இருக்குமா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் அப்போதுதான் பயன்படும். இரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தும் நோவு தீராவிட்டால் மீண்டும் செல்லுங்கள்; ஆரம்ப நிலையில் அது பலருக்குப் பிழையாக ஆறுதல் சொல்லிவிடும்.

மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் திருக்கோணமலை ஆஸ்பத்திரிக்கு வருவது, பாலங்கள் அமைந்த பின்னர் முன்போல் கடினமன்று. மகரகமை 250 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. அவ்வளவு தூரம் போகவேண்டி வருமோ என்ற அச்சத்தினாலேயே பலர் முதற்படியை ஏறாது நிற்கின்றனர். முதற்படி அருகிலேதான் இருக்கின்றது.

மகளே, நீர் எழுதாமல் விட்ட ஒரு கேள்வியும் கடிதத்திலே தெரிகின்றது. நான் வாங்கிக் கொடுத்த மாத்திரைதான் அம்மாவைக் கொன்றதோ என்று நீர் உம்மையே வருத்திக்கொள்கின்றீர். அன்று உமக்கு இந்நோயின் பெயர்கூடத் தெரியாது. தேர்ந்த வைத்தியர்களையே உலகெங்கும் ஏமாற்றிவரும் நோய் இது. அம்மாவின் பசியைக் கவனித்தீர். அவர் கேளாமலே மருந்து தேடிச் சென்றீர். குற்றம் உம்முடையதன்று. இன்று மாலையே ஒரு கொப்பியை எடுத்து, அம்மம்மாவை அருகில் இருத்தி, குடும்பத்திலே யார் யாருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது என்று கேட்டு எழுதும். பிறகு சின்னம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதும்.